ஈக்கு ஈஸ்டர் தெரியாது

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஒரு புழு. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மற்ற எழுத்தாளர்களுக்கு ஒரு முகம் கிடைக்கும், ஒரு துயரம் கிடைக்கும். எனக்கு வாய்த்தது வெள்ளையாக, அரிசியை விடச் சின்னதாக, ஒரு சம்பந்தியம்மாள் கடித்து வைத்த பாதி செர்ரிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "யாருங்க அது?" என்பதுபோல் பார்த்த ஒரு ஜீவன்.

சம்பந்தியம்மாள் ஸஹ்லேயிலிருந்து நிச்சயம் பேச வந்திருந்தார். பெண்ணின் அம்மா பெயர் வர்தே. ஹம்மானாவுக்கு மேலே இந்த அரபு மலையூரில் நான் குடியிருக்கும் மாடிக்கு அவள்தான் சொந்தக்காரி. கீழ்த்தளத்தில் பெண்களுக்கு முடி வெட்டி, சாயம் பூசும் கடை வைத்திருக்கிறாள். பழம் அவள் தோட்டத்துப் பழம். "எங்க மரத்துது, கடையில வாங்கினதில்ல" என்று அதற்குள் நாலு தடவை சொல்லியிருந்தாள். நாலுக்கும் சேர்த்துப் புழு பதில் சொல்லிவிட்டது.

அந்த அம்மாள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. பாதிப் பழத்தைத் தட்டோரத்தில் வைத்து, அதன்மேல் கை துடைக்கும் தாளைப் போர்த்தி, "எங்க ஊர்ல திராட்சைதான் பழக்கம்" என்றார். நிச்சயம் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு எப்போது வந்தாலும், பழத்தட்டு வரும் முன்பே இரண்டு கையையும் விரித்துத் தடுத்துவிடுவார். வர்தேக்கு அது கன்னத்தில் அறைந்தது மாதிரி. இந்த ஊரில் சொந்தமரத்துப் பழத்தை வேண்டாம் என்பதும் வீட்டுக்காரியை வேண்டாம் என்பதும் ஒன்றுதான்.

நானும் அன்று விருந்தாளி. எல்லோரும் சம்பந்தியம்மாளைப் பார்த்தார்கள். நான் புழுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழத்தில் ஓட்டை இல்லையே, இவன் எந்த வழியாக உள்ளே போனான்? என் புத்தி அப்படி.

2

எங்கே தொடங்குவது என்று இரண்டு வாரம் உட்கார்ந்தேன். தூக்கிப்போட்ட தொடக்கங்களை மறைப்பானேன்:

"மலைச்சரிவெங்கும் செர்ரி மரங்கள் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருந்த அந்த வசந்த—"

[வேண்டாம். பூவில் தொடங்கினால் புழு வருவதற்குள் நீங்கள் தூங்கிவிடுவீர்கள்.]

"வர்தேக்கும் மித்ரிக்கும் நடுவில் ஒரு கற்சுவர் இருந்தது. அது வெறும் சுவர் அல்ல—"

[வெறும் சுவர்தான். இடுப்பளவு. மித்ரியின் பூனை அதில் தூங்கும்.]

"அந்த மரத்துக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது ஒரு துக்க வீட்டில்—"

இது பரவாயில்லை. ஆனால் மித்ரி யார் என்று தெரியாமல் துக்க வீட்டுக்கு உங்களைக் கூட்டிப்போவது மரியாதையில்லை.

மித்ரி, சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். ஊரின் ஜெனரேட்டர் அவருடையது. அரசு மின்சாரம் நினைத்தால் வரும். மற்ற நேரமெல்லாம் எங்கள் விளக்கு, குளிர்சாதனப்பெட்டி, வர்தேயின் முடி உலர்த்தி எல்லாம் மித்ரியின் தயவு. வர்தேயிடம் இரண்டு சின்ன செர்ரி மரங்கள். மித்ரியிடம் ஒன்றே ஒன்று, ஆனால் ஆளை விழுங்கும் உயரம். பாதிக் கிளைகள் சுவரைத் தாண்டி இவள் பக்கம் சாய்ந்திருக்கும். "என் மரத்துக்கு வியாதி இல்ல, அந்த ஜெனரேட்டர்காரன் மரத்து ஈதான் இங்க வந்து மேயுது" என்பது வர்தேயின் கட்சி. "அந்தக் கத்திரிக்கோல்காரி மரத்துலேர்ந்துதான் எனக்கு வருது" என்பது மித்ரியின் கட்சி.

இரண்டு பேருமே ஒழுங்காக மருந்தடிக்கிறவர்கள் என்பதுதான் என்னைக் குடைந்த விஷயம்.

3

[இந்தப் பகுதியில் கதை நகராது. ஈ மட்டும் பறக்கும். பொறுமை இல்லாதவர்கள் நான்காவதுக்குப் போகலாம். ஆனால் போனால் நஷ்டம் உங்களுக்குத்தான்.]

செர்ரி ஈ நம் வீட்டு ஈயைவிடச் சின்னது. இறக்கையில் கறுப்புப் பட்டை, முதுகில் மஞ்சள் பொட்டு. ஆண்டின் பெரும்பகுதியை மரத்தடி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகத் தூங்கியே கழிக்கிறது. மண் சூடேறினால் எழுந்து வரும். வந்தவுடன் வேலையைத் தொடங்காது. சில நாள் இலையை நக்கிக்கொண்டு உடம்பைத் தேற்றும். அதற்குள் காய் பச்சையிலிருந்து வைக்கோல் நிறத்துக்கு மாறும். அப்போதுதான் தோல் இளகும், ஊசி இறங்கும். ஒரு காய்க்கு ஒரு முட்டை. இட்டுவிட்டு, காயின் மேல் தன் வாடையைத் தடவிவிட்டுப் போகும், பேருந்து இருக்கையில் துண்டு போடுகிற மாதிரி. அடுத்து வருகிற ஈ முகர்ந்து பார்த்து, ஆள் இருக்கிறது என்று நகர்ந்துவிடும்.

இதைப் படித்த அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓட்டை ஏன் தெரியவில்லை என்பதற்கும் விடை கிடைத்தது: முட்டை போன வழி பழம் பருக்கும்போது மூடிவிடும்.

ஆக, ஈ எழுந்து வந்த பிறகு, முட்டை இடும் முன்பு, அந்தச் சின்ன இடைவெளியில் மருந்தடிக்க வேண்டும். முன்னால் அடித்தால் ஈ மண்ணுக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். பின்னால் அடித்தால் புழு பழத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

4

இப்போது மனிதர்களுக்கு வருவோம். எங்கள் ஊரில் தோட்ட வேலைகளுக்கெல்லாம் கணக்கு ஈஸ்டர்தான். திராட்சைக் கொடி கட்டுவது ஈஸ்டருக்கு முன், குளிர்காயும் அடுப்பைக் கழற்றிப் பரணில் போடுவது ஈஸ்டருக்குப் பின், செர்ரிக்கு மருந்து ஈஸ்டர் கழிந்த மூன்றாம் ஞாயிறுக்கு மறுநாள். யார் வகுத்தது என்று கேட்டால் வானத்தைக் காட்டுவார்கள்.

வர்தே மாரோனியத் திருச்சபை. மித்ரி கிழக்கு மரபுத் திருச்சபை. இரண்டு சபைக்கும் இரண்டு ஈஸ்டர். சில ஆண்டு ஒரே நாளில் வரும். சில ஆண்டு ஐந்து வாரம் பிரிந்து நிற்கும். சம்பந்தியம்மாள் புழுவைச் சந்தித்தது அப்படி ஐந்து வாரம் பிரிந்த ஆண்டு. வர்தே அடித்தபோது ஈ பிறக்கவே இல்லை. மித்ரி அடித்தபோது முட்டையிட்டு முடித்துவிட்டது. இரண்டு பேரும் சுத்தபத்தமாகக் கணக்குப் பார்த்து, காற்றுக்கு மருந்தடித்திருக்கிறார்கள்.

இரண்டு ஈஸ்டரும் ஒன்றாக வந்த ஆண்டு பழம் எப்படி இருந்தது என்று இருவரிடமும் தனித்தனியாக விசாரித்தேன்.

"அந்த வருஷமா? தேன் மாதிரி. ஒரு புழு கிடையாது" என்றாள் வர்தே. "மே மாசம் பூரா மாதாவுக்கு ஜெபமாலை விடாம சொன்னேன்ல."

"அந்த வருஷம் சுத்தம்" என்றார் மித்ரி. "எங்க ஈஸ்டர்ல அவளும் சேந்துக்கிட்டா, பாரு, அதான்."

5

எனக்கு மித்ரி மேல் சந்தேகம். ஆள் மேல் அல்ல, நான் எழுதிய மித்ரி மேல். முதல் பிரதியில் அவரை முரடனாக எழுதியிருந்தேன்: தடித்த மீசை, டீசல் வாடை, பேச்சுக்குப் பேச்சு "கரண்டை வெட்டிடுவேன்". கதைக்கு வசதி. அப்புறம்தான் துக்க வீட்டுச் சம்பவம் நடந்தது.

செருப்புக் கடைக்காரர் இறந்துபோயிருந்தார். துக்க வீட்டில் கொடுக்கும் கசப்புக் காப்பியைக் குடித்துவிட்டு எல்லோரும் முற்றத்தில் நின்றோம். வர்தே பக்கத்தில் நின்றவளிடம், ஊருக்கே கேட்கிற மாதிரி, "புண்ணியவான் போய்ச் சேர்ந்தான். இனிமே புழுப் பழம் தின்ன வேண்டாம்" என்றாள்.

மித்ரி திரும்பினார். "என் மரத்தையா சொல்றே?"

"நான் மரத்துப் பேரா சொன்னேன்? உனக்குக் குத்துதுன்னா நான் என்ன பண்ண?"

"கேளுங்கப்பா எல்லாரும்! என் மரத்துலேர்ந்து ஒரு ஈ சுவர் தாண்டாது. வர்ற பருவத்துல இவ பழத்துல ஒரே ஒரு புழு இருக்கட்டும். இந்த மீசை மேல சத்தியம், என் மரத்தை என் கையாலயே வெட்டிச் சாய்க்கிறேன். வெறகை அவளே எடுத்துக்கட்டும்!"

"மீசையில பாதி என் கடைச் சாயம்" என்றாள் வர்தே. "பாதி சத்தியம்தான் செல்லும்."

சிரிப்பு எழுந்தது. துக்க வீடு என்பதால் உடனே அமுங்கியும் போனது. ஆனால் சொன்னது சொன்னதுதான். இங்கே மீசை மேல் சத்தியம் செய்து பின்வாங்கியவனுக்கு ஊர்க் கூட்டத்தில் நாற்காலி கிடையாது.

மறுநாள் காலை என் சன்னலிலிருந்து பார்த்தேன். மித்ரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நாள் முழுக்க ஜெனரேட்டர் கொட்டகையில் காதடைப்பு மாட்டியிருக்கும் மனிதர். காது பாதி போய்விட்டது. கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் அந்த மரம் ஒன்றுதான் இரைச்சலைக் கொஞ்சம் தாங்கிக்கொள்கிறது. அதன் அடியில் மட்டும்தான் அவர் காதடைப்பைக் கழற்றுவார். பேசவேண்டும் என்றால் அங்கேதான் போகவேண்டும். நான் போனேன். எழுதுகிறவன் என்பதால் என்னை அவர் உஸ்தாத் என்பார், நம் ஊர் வாத்தியார் மாதிரி.

"வாய் கொழுத்துப் போய்ச் சொல்லிட்டேன், உஸ்தாத்" என்றார். "இது போச்சுன்னா நான் எங்க போய் உக்காருவேன்?"

முரடனை அன்றே அடித்துவிட்டேன். நீங்கள் படிப்பது இரண்டாவது மித்ரியை.

[வர்தேயையும் ஒரு தரம் மாற்றி எழுதிப் பார்த்தேன், கொஞ்சம் இளகியவளாக. அவளே மாடிக்கு வந்து கெடுத்தாள். "என்னைப் பத்தி எழுதுறியாமே தம்பி? நல்லவளா எழுதிடாதே. கடைக்கு வர்றவளுங்க கடன் சொல்ல ஆரம்பிச்சுடுவாளுங்க."]

6

பூச்சிமருந்துக் கடையில் இருக்கும் ஹனீன் வேளாண்மை படித்த பெண். நான் இரண்டு ஈஸ்டர் கதையைச் சொன்னதும் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஈக்கு ஈஸ்டர் தெரியாது, உஸ்தாத். மஞ்சள் பசை அட்டை ஒண்ணு தொங்க விடுங்க. அது சொல்லும். காய் வைக்கோல் நிறம் திரும்பினதும் அடிங்க. சாயங்காலமா, தேனீ போனதுக்கப்புறம். ரெண்டு வீடும் ஒரே நாள்ல. ஒருத்தர் மட்டும் அடிச்சா, ஈ சுவர் தாண்டி விருந்துக்குப் போயிட்டு வரும்."

ஒரே நாளில் என்பதுதான் சிக்கல். ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுகூட இதைவிடச் சுலபம்.

"அவ ஈஸ்டர் கணக்குக்கு நான் அடிக்கணுமா?" என்றார் மித்ரி.

"அவன் ஈஸ்டருக்கு நான் அடிச்சா, சாமியாருக்கு என்ன பதில் சொல்வேன்?" என்றாள் வர்தே.

"ரெண்டு ஈஸ்டரும் வேணாம், ஈயைக் கேட்டு அடிங்க" என்றேன். இருவரும் யோசித்தார்கள். எதிராளியிடம் தோற்பதைவிட ஈயிடம் தோற்பது கௌரவம் என்று பட்டிருக்க வேண்டும்.

அட்டையை மித்ரி மரத்தில், வெயில் படும் கிளையில், சுவருக்கு இந்தப் பக்கமாகத் தொங்கவிட்டேன். காலையில் மித்ரி பார்ப்பார். அவர் போனதும் வர்தே, கடையில் புருவம் திருத்த வைத்திருக்கும் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியோடு வந்து பார்ப்பாள். கொசு ஒட்டியது. வண்டு ஒட்டியது. பூனையின் வால் ஒருநாள் ஒட்டியது. அன்று மட்டும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டாமல் என்னைத் திட்டினார்கள்.

பிறகு ஒரு காலை, இறக்கையில் பட்டையோடு ஒன்று. மறுநாள் இன்னும் சில. காய் இன்னும் பச்சை. வர்தே மருந்துப் புட்டியைத் தூக்கிவிட்டாள். கெஞ்சி இறக்கி வைத்தேன். "வைக்கோல் நிறம்னா என் நம்பர் பதினொண்ணு சாயம்" என்றாள். "அது எனக்குத் தெரியும். நீ வாயை மூடு." தினமும் ஒரு காயைப் பிடித்துச் சாய அட்டையோடு ஒப்பிட்டாள்.

பேச்சுவார்த்தை இல்லாததால் சைகை ஒன்று வேண்டியிருந்தது. "நாள் வந்தா நான் கரண்டை மூணு தடவை வெட்டி விடுறேன். அவகிட்ட சொல்லு" என்றார் மித்ரி.

ஒரு சாயங்காலம் விளக்கு மூன்று தடவை அணைந்து எரிந்தது. கீழே வர்தேயின் நாற்காலியில் பாதிரியாரின் மனைவி (இங்கே பாதிரியாருக்குக் கல்யாணம் உண்டு), தலை முழுக்கச் சாயத்தோடு. "அசையாம இரு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வர்தே முகத்தில் துணியைக் கட்டி, தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடினாள். சுவருக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். இரண்டு தெளிப்பானின் சத்தம் மட்டும். பாதிரியார் மனைவிக்கு அன்று வாய்த்த நிறத்தை ஊர் இன்னும் பேசுகிறது.

தெருப்பக்கம் நீளும் கிளை வழிப்போக்கனுக்குச் சொந்தம் என்பது இங்கே வழக்கம். மருந்தின் காலக்கெடு முடியும்வரை யாரும் பறித்துவிடக் கூடாதே என்று, தலைமுடிக்குச் சாயம் பூசும்போது மடிக்கிற வெள்ளித்தாளை வர்தே கிளைக்குக் கிளை கட்டினாள். மித்ரி மரத்துக்கும் கட்டினாள். அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விடக் கூடாது. மித்ரி மரத்தின் உச்சிக்கு மருந்து எட்டவில்லை. ஏணி மேல் நின்றும் எட்டவில்லை. மூன்று பேரும் பார்த்தோம். மித்ரி ஏணியை மடக்கிக் கொட்டகையில் சாத்தினார்.

7

பழம் சிவந்தது. கெடு முடிந்தது. சோதனை: பழத்தை உப்புத் தண்ணீரில் போட்டால், உள்ளே ஆள் இருந்தால் மூச்சு முட்டி வெளியே வரும்.

வர்தே தன் மரத்தில் பறித்து, சாயம் கலக்கும் வெள்ளைக் கிண்ணத்தில் போட்டுச் சுவர்மேல் வைத்தாள். இரண்டு சபையிலும் சேராதவன் என்பதால் நான் சாட்சி. தெருவில் பத்திருபது பேர். மித்ரி அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்று சிகரெட் பிடித்தார். அவரால் பார்க்க முடியவில்லை. அவர் தோள் மேலும் கீழும் ஏறி இறங்கியதை நான் பார்த்தேன்.

நேரம் ஆனது. வர்தே குனிந்தாள். நானும் குனிந்தேன். கிண்ணத்தில்

[இந்த வாக்கியத்தை மூன்று விதமாக எழுதி முடித்தேன், மூன்றையும் அடித்தேன். ஒன்றில் தண்ணீர் தெளிவாக இருந்தது. ஒன்றில் ஒரு காம்புநார் மிதந்தது, அது புழுவா நாரா என்று நாங்கள் வாதாடினோம். ஒன்றில்—]

வர்தே கிண்ணத்தைத் தூக்கி, பழத்தோடு, தண்ணீரோடு, சாக்கடையில் கவிழ்த்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சத்தமாக, "சுத்தம்!" என்றாள்.

மித்ரி திரும்பினார். "பழத்தை ஏன் கொட்டின?"

"உப்புல ஊறினதை எவன் தின்பான்? போ, போய் கரண்டைப் பாரு. கடையில ரெண்டு பேர் ஈரத் தலையோட உக்காந்திருக்காங்க."

பல ஆண்டுக்குப் பிறகு, சண்டைக்கு இல்லாமல் நேருக்கு நேர் பேசிய பேச்சு அது.

8

மூன்று முடிவு யோசித்தேன். அதற்குள் மித்ரி மாடிக்கு வந்துவிட்டார், கையில் புதுக் கைபேசியோடு.

"பையன் ஒண்ணு காட்டிக் குடுத்தான். எந்த எழுத்து மேல புடிச்சாலும் அரபியில சொல்லுதாம். எங்க, உன் கதையை எடு."

இந்த ஊரில் யாருக்கும் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில்தான் இத்தனையும் எழுதினேன். அவர் தாள் மேல் கைபேசியைப் பிடித்துக்கொண்டே வந்தார். தடித்த மீசை என்றதற்கு முறைத்தார். கத்திரிக்கோல்காரிக்குச் சிரித்தார். உச்சிக்கிளை எட்டவில்லை என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். ஏழாவதுக்கு வந்தார். "நேரம் ஆனது" படித்தார். "நானும் குனிந்தேன்" படித்தார்.

கைபேசியை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"இதுக்கப்புறம் எழுதிட்டியா?"

"கொஞ்சம்."

"அவ என் கண்ணுக்குத் தெரிஞ்சு முப்பது வருஷமா ஒரு சொட்டு சாயத்தை வீணாக்கினதில்ல, உஸ்தாத். ஒரு கிண்ணம் பழத்தைக் கொட்டிட்டா." அவர் குரல் இறங்கியது. "நான் சத்தியம் பண்ணவன். தெரிஞ்சா வெட்டியாகணும். அதனால எனக்குத் தெரியாது. புரியுதா?"

"புரியுது, அபு நிக்கோலா" என்றேன். நிக்கோலாவின் அப்பா என்று மகன் பெயரைச் சொல்லி அழைப்பது இங்கே மரியாதை.

"நான் இப்படிக் கேட்டேன்னும் அவகிட்ட சொல்லாதே. அவ சுத்தம்னா சுத்தம்."

படியில் இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் மரத்தடியில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

எதையும் குடைந்து பார்க்காமல் விடாத ஆள் நான். இருந்தும் அந்த வாக்கியத்தை முடிக்க என் கை வரவில்லை. புழு என்று எழுதினால் மரம் விழும். கைபேசி எந்த நாளும் மறுபடி வரலாம். சுத்தம் என்று எழுதினால் வர்தே செய்த காரியம் ஒன்றுமில்லாமல் போகும். "கிண்ணத்தில்" என்பதற்குப் பிறகு அரை வரி காலியாக விட்டிருக்கிறேன். பேனா உங்கள் கையில் இருக்கிறது. நிரப்ப வேண்டும் என்று தோன்றினால் நிரப்புங்கள்; ஆனால் அதற்கு முன், கீழே காதடைப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.